கடைவாயில் அடக்கிய புகையிலை

சேலத்திலிருந்து ஆத்தூர் நோக்கிக் கிழக்கே செல்லும் நெடுஞ்சாலையில், நகரின் எல்லையைத் தாண்டியதும் வருவது அயோத்தியாப்பட்டணம். கோதண்டராமர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். அதே சாலையில் மேலும் சென்றால் வாழப்பாடி. அதற்கும் அப்பால் பெத்தநாயக்கன்பாளையம் பக்கமெல்லாம் பாக்குத் தோப்புகள். தெற்கே காவிரிக் கரையில் பரமத்தி வேலூர்; வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பேர்போனது. மேற்கே சங்ககிரியைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் பூமி. ஆக, தாம்பூலத்துக்கு வேண்டிய மூன்று பொருள்களும் சேலம், நாமக்கல் சமவெளியிலேயே கிடைத்து விடுகின்றன. நான்காவதான புகையிலைக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களில் மெல்லும் புகையிலை விளைகிறது. திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூரில் இதற்கென 1948இல் ஓர் ஆராய்ச்சி நிலையமே தொடங்கப்பட்டது.

இந்த நான்கும் ஒன்றுசேரும் இடம் மனிதனின் கடைவாய். கல்யாண விருந்துக்குப் பின் போட்டுக் கொள்ளும் வெற்றிலையை நாம் இங்கே பேச வரவில்லை. நாற்று நடும்போதும், தறி ஓட்டும்போதும், இரவெல்லாம் லாரி ஓட்டும்போதும் பசியையும் தூக்கத்தையும் அடக்குவதற்காகக் கன்னத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கும் புகையிலையைத்தான் பேசுகிறோம். இன்று அது சிறு பொட்டலங்களில் தூளாகவும் வருகிறது. 2016-17இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட கணக்கின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 100க்கு 21 பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 20 கோடிப் பேர், புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். பீடி, சிகரெட் பிடிப்போரின் எண்ணிக்கையைவிட இது மிக அதிகம்.

எங்கள் பக்கத்து நெசவாளர் ஒருவர் ஒருமுறை என்னிடம், “நான் என்னங்க சார், பீடியா குடிக்கிறேன்? புகையே இல்லீங்களே, வெறும் இலைதானுங்களே?” என்று கேட்டார். நல்ல கேள்வி. புகையும் இல்லை, தாரும் இல்லை, நெருப்பும் இல்லை. அப்படியிருக்க ஓர் உலர்ந்த இலை வாயை என்ன செய்து விடும்? இயற்பியல் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் நினைக்கக் கூடும். ஆனால் கடைவாயில் நடப்பதில் பாதி இயற்பியல்தான் என்பதைப் போகப் போகக் காணலாம்.

கன்னத்தின் உட்சுவர்

மேல்நிலை வகுப்பில் உயிரியல் படித்தவர்களுக்கு ஒரு செய்முறைப் பயிற்சி நினைவிருக்கும். பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு துளி மெத்திலின் நீலம் விட்டு, நுண்ணோக்கியில் பார்ப்போம். தட்டையான, ஒழுங்கற்ற ஓரமுடைய செல்கள் தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் நீலப் பொட்டு வைத்தாற்போல் ஓர் உட்கரு இருக்கும். வலிக்காது, இரத்தமும் வராது. ஏனெனில் அவை உதிரப் போகும் செல்கள்.

கன்னத்தின் உட்பூச்சு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. இதற்குள் நாற்பது, ஐம்பது அடுக்குச் செல்கள் உள்ளன. எல்லாவற்றுக்கும் அடியிலுள்ள அடுக்கில்தான் செல்கள் பிரிந்து பெருகும். ஒரு தாய்ச் செல் இரண்டாகப் பிரிந்தால், ஒன்று அங்கேயே தங்கும். மற்றொன்று மேல்நோக்கித் தள்ளப்படும். போகும் வழியில் அது தட்டையாகி, முதிர்ந்து, இரண்டு வாரம் அளவில் மேற்பரப்பை அடைந்து, உமிழ்நீரோடு உதிர்ந்து போகும். நாம் விழுங்கும் ஒவ்வொரு கவளத்தோடும் நம் கன்னத்தின் ஒரு பகுதியையும் விழுங்குகிறோம் என்றால் மிகையாகாது.

இது ஓர் அருமையான பாதுகாப்பு. சூடான காப்பியால் வாய் வெந்தாலும் சில நாட்களில் ஆறிவிடுவது இதனால்தான். ‘எத்தனை புகையிலை போட்டாலும் வாய் புதுப்பித்துக் கொண்டே இருக்கிறதே’ என்று தோன்றுவதும் இதனால்தான். ஆனால் உதிர்பவை மேலடுக்குச் செல்கள் மட்டுமே. அடியிலுள்ள தாய்ச் செல் உதிர்வதில்லை. ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கிறது. அதற்கு ஒரு கேடு நேர்ந்தால், அந்தக் கேடு அதன் வழிவந்த எல்லாச் செல்களிலும் தொடரும். ஆகவே நம் கேள்வி இதுதான்: மேலே வைத்த புகையிலையின் சாறு அரை மில்லிமீட்டர் ஆழத்திலுள்ள தாய்ச் செல்லைத் தொடுகிறதா?

சுண்ணாம்பு திறக்கும் கதவு

இங்கேதான் இயற்பியலுக்கு வேலை வருகிறது. ஒரு பொருளின் மூலக்கூறுகள் நீரில் தாமாகப் பரவுவதை விரவல் என்கிறோம். விரவலில் ஒரு விந்தை உண்டு. தொலைவு இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். சிறிய மூலக்கூறு ஒன்று வெறும் தண்ணீரில் அரை மில்லிமீட்டர் நகர ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும் எனக் கணக்கிடலாம். நெருக்கமான செல்களுக்கிடையே இது எளிதன்று. பத்து மடங்கு தாமதமாகும் எனக் கொண்டால் இருபது நிமிடம். எச்சிலைத் துப்பிவிட்டு எழுந்து போகிறவருக்கு இந்த இருபது நிமிடம் ஒரு காப்பு. ஆனால் புகையிலையைக் கடைவாயில் அடக்குபவர் அதை அரைமணி, ஒருமணி என்றல்லவா வைத்திருக்கிறார்? விரவலுக்கு வேண்டிய நேரத்தை அவர் தாராளமாகக் கொடுத்து விடுகிறார்.

நேரம் மட்டும் போதாது. செல்லைச் சூழ்ந்திருப்பது கொழுப்பாலான மெல்லிய சவ்வு. மின்னூட்டம் பெற்ற துகள்களை அது எளிதில் உள்ளே விடாது. நிகோடின் ஒரு காரப் பொருள். சாதாரண உமிழ்நீரில், அதாவது பி.எச். மதிப்பு 7 அளவில் இருக்கும்போது, நிகோடின் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை ஒரு ஹைட்ரஜன் அயனியை ஏற்று மின்னூட்டம் பெற்றுவிடுகின்றன. 100க்கு 9 மட்டுமே மின்னூட்டமின்றி இருக்கும். பி.எச். 8 ஆனால் இது 50 ஆகிறது. 9 ஆனால் 90ஐத் தாண்டுகிறது. பி.எச். மதிப்பை உயர்த்துவது எது? சுண்ணாம்பு! நீர்த்த சுண்ணாம்பின் தெளிந்த கரைசலுக்கு 12க்கு மேல் பி.எச். உண்டு. விரல் நுனியளவு சுண்ணாம்பு தடவியதும் புகையிலை ‘ஏறுகிறது’ என்று சொல்வார்களே, அந்த அனுபவ அறிவுக்குப் பின்னால் இருக்கும் வேதியியல் இதுவே. பள்ளிக்கூடம் போகாதவர்களும் பல தலைமுறையாக இந்தச் சமன்பாட்டைக் கையாண்டு வந்திருக்கிறார்கள்.

சுண்ணாம்பு இன்னும் இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று, அதன் காரம் மேலடுக்கை அரிக்கிறது. அரித்த இடத்தை நிரப்பத் தாய்ச் செல்கள் வழக்கத்தைவிட விரைவாகப் பிரிய வேண்டியிருக்கிறது. மற்றொன்று, பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் காரக் கரைசலில் ஆக்சிஜனோடு சேர்ந்து, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற தீவிரமான பொருள்களை உண்டாக்குகின்றன. இவையும் செல்லுக்குள் புகுந்து கேடு விளைவிக்க வல்லவை.

ஒரு புள்ளி மாறினால்

நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள். ஆனால் வாய்ப் புற்றுக்கு நேர்க்காரணம் அதுவன்று. அதன் உறவினர்களான நைட்ரோசமீன்களே முதற் குற்றவாளிகள். பச்சை இலையில் இவை மிகக் குறைவு. இலையைப் பாடம் செய்து உலர்த்திப் புளிக்க வைக்கும்போது, அதிலுள்ள நைட்ரேட்டைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த நைட்ரைட்டு, நிகோடினோடும் அதன் இனப் பொருள்களோடும் கூடி நைட்ரோசமீன்களைத் தோற்றுவிக்கிறது. இதற்கு நெருப்பு வேண்டியதில்லை, புகையும் வேண்டியதில்லை. நம் நெசவாளரின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

புகையிலையில் பொலோனியம்-210 என்னும் கதிரியக்கப் பொருளும் மிகச் சிறிய அளவில் உண்டு. இயற்பியல் படித்தவனுக்கு அதைப் பெரிதாகச் சொல்ல ஆசை வரும். ஆனால் மெல்லுபவருக்கு முதல் எதிரி நைட்ரோசமீன்தான். நியாயமாக அதையே சொல்ல வேண்டும்.

நைட்ரோசமீன் நேரடியாகத் தாக்குவதில்லை. அயற்பொருள்களை உடைத்து வெளியேற்றுவதற்காகச் செல்லே வைத்திருக்கும் நொதிகள் அதை மாற்றியமைக்க முயலும்போதுதான் அது கூர்மையான ஆயுதமாகிறது. அதன் துண்டு ஒன்று செல்லின் டி.என்.ஏ.யில் போய் ஒட்டிக் கொள்கிறது. டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு. ஒவ்வொரு செல்லிலும் ஏறத்தாழ 600 கோடி எழுத்து இணைகள். நீட்டிப் பிடித்தால் இரண்டு மீட்டர் நீளம். செல் பிரியும்போதெல்லாம் இந்த ஏடு முழுவதும் படியெடுக்கப்பட வேண்டும். ‘பல’ என்ற சொல்லின் இரண்டாம் எழுத்தின்மேல் ஒரு புள்ளி விழுந்தால் அது ‘பல்’ ஆகிவிடுகிறது அல்லவா? குவானின் என்னும் எழுத்தின்மேல் ஒரு சிறு மெத்தில் தொகுதி தவறான இடத்தில் ஒட்டினால், படியெடுக்கும் நொதி அதை அடினின் என்று தவறாகப் படித்து விடுகிறது. அடுத்த பிரிவுக்குப் பின் அந்தப் பிழை அசல் ஏட்டின் பகுதியாகவே ஆகிவிடும். அதன்பின் எது பிழை, எது சரி என்று கண்டுபிடிக்கச் செல்லுக்கு வழியில்லை.

பிழைதிருத்துவோர் இல்லாமல் இல்லை. இந்த மெத்தில் தொகுதியைப் பிடுங்கி எடுக்கும் ஒரு புரதம் நம் செல்களில் உள்ளது. ஆனால் அதன் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரே ஒரு திருத்தம்தான் செய்யும். பிடுங்கியதைத் தன்மேலேயே ஒட்டிக் கொண்டு செயலிழந்து விடும். நாள்தோறும், மணிதோறும் பிழைகள் குவிந்தால் திருத்துவோர் தீர்ந்து போவர். இதனிடையே சுண்ணாம்பின் அரிப்பால் செல் அவசர அவசரமாகப் பிரிந்து கொண்டிருக்கிறது. திருத்த நேரமில்லாமல் அச்சுக்குப் போகும் நூலின் கதிதான்.

600 கோடியில் ஓர் எழுத்து மாறினால் என்ன என்று கேட்கலாம். பெரும்பாலான இடங்களில் ஒன்றும் ஆகாது. ஆனால் சில இடங்கள் காவல் நிலையம் போன்றவை. 1979இல் கண்டறியப்பட்ட பி53 என்னும் புரதம், டி.என்.ஏ. சிதைந்த செல்லைப் பிரியவிடாமல் நிறுத்தும். சீர்செய்ய முடியாவிட்டால் அதை மடியச் செய்யும். அந்தப் புரதத்துக்கான ஏட்டிலேயே பிழை விழுந்தால் காவலர் இல்லாத ஊராகிவிடும். வாய்ப் புற்றுச் செல்களை ஆராய்ந்தால் பலவற்றில் இந்தக் காவலர் கெட்டுப் போயிருப்பது தெரிகிறது.

இரண்டு வாரப் பழைய கடிதம்

இவ்வளவும் அரை மில்லிமீட்டர் ஆழத்தில் நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்து அறிவது எப்படி? 1980களில் கனடாவின் வான்கூவரில் பணியாற்றிய ஹான்ஸ் ஸ்டிச், மிரியம் ரோசின் ஆகியோர் இதற்கு எளிய வழி ஒன்றைப் பயன்படுத்தினர். நாம் பள்ளியில் செய்த அதே சுரண்டல்தான்!

தாய்ச் செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரு பக்கமும் இழுக்கப்படுகின்றன. உடைந்துபோன குரோமோசோம் துண்டுக்கு, இழுக்கும் கயிறு கட்டுவதற்கான இடம் இல்லாமல் போகும். அது நடுவிலேயே தங்கி, பின்னர் தனியாகச் சுருண்டு, பெரிய உட்கருவின் அருகே ஒரு குட்டி உட்கருவாக நின்றுவிடும். அச்செல் மெல்ல மேலே வந்து உதிரும்போது, இந்தக் குட்டிப் பொட்டையும் சுமந்துகொண்டே வருகிறது. உட்கருவை மட்டும் துலக்கமாகக் காட்டும் சாயம் ஏற்றி, ஆயிரக்கணக்கான செல்களை எண்ணிப் பார்த்து, எத்தனை செல்லில் நுண் உட்கரு இருக்கிறது எனக் கணக்கிட்டனர். வெற்றிலை பாக்கு மெல்லுவோர் வாயில் இந்த எண்ணிக்கை கூடுதலாக இருந்தது. வாயில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோரின் செல்களிலும் இதே அடையாளம் காணப்படுகிறது. எக்ஸ் கதிர் செய்யும் அதே காரியத்தை ஓர் இலைச்சுருள் செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

இன்று சுரண்டி எடுக்கும் செல், ஒன்று முதல் மூன்று வாரங்களுக்கு முன் அடியடுக்கில் நடந்ததைச் சொல்கிறது. நுண் உட்கரு இருந்தால் புற்று வந்துவிட்டது என்று பொருளன்று. தாய்ச் செல்களின் குரோமோசோம்கள் உடைந்து கொண்டிருக்கின்றன என்பதே பொருள்.

வைத்த இடத்தில் வரும் நோய்

மருத்துவர்கள் இதை வேறு வழியில் முன்னரே அறிந்திருந்தனர். அன்று திருவிதாங்கூரிலும் 1956 முதல் தமிழ்நாட்டிலும் உள்ள நெய்யூரில் ஒரு மிஷன் மருத்துவமனை உண்டு. 1922, 1924ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணங்களில் பங்கு கொண்ட சாமர்வெல் பல ஆண்டுகள் பணியாற்றிய இடம் அது. அங்கிருந்த ஐ. எம். ஆர் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்லுவோருக்கு வரும் வாய்ப் புற்றைப் பற்றி 1933இல் ‘லான்செட்’ இதழில் விரிவாக எழுதினார். 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அங்கே டாக்டர் வி. சாந்தாவும் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப் புற்றின் காரணங்களை ஆராய்ந்து 1959இல் கட்டுரை வெளியிட்டனர்.

இவ்வகை ஆய்வுகளிலெல்லாம் திரும்பத் திரும்பக் கண்ட செய்தி ஒன்று உண்டு. மேலைநாடுகளில் வாய்ப் புற்று பெரும்பாலும் நாக்கிலும் நாக்கின் அடியிலும் வருகிறது. நம் நாட்டிலோ கன்னத்திலும் கீழ் ஈற்றின் ஓரத்திலும் அதிகம். அதாவது புகையிலையை ஒதுக்கி வைக்கும் அதே இடத்தில். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் பகுதியில், குறிப்பாகப் பெண்கள், சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் உண்டு. அவர்களுக்கு நோய் வருவது மேலண்ணத்தில். வைத்த இடம் மாறினால் வரும் இடமும் மாறுகிறது. இதைவிடத் தெளிவான சாட்சியம் வேறென்ன வேண்டும்?

பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985இல் புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்று விளைவிப்பது என்று தீர்மானித்தது. 2003இல், புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கு தனியாகவும்கூட அவ்வாறே என முடிவு செய்தது. பாக்குத் தோப்புகள் சூழ்ந்த பகுதியில் இதைச் சொல்வது எளிதன்று. ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி உலகில் உதடு, வாய்ப் புற்றுக்கு ஆளானோர் 3.9 லட்சம் பேர், அவர்களில் 1.4 லட்சம் பேர் இந்தியர்.

வெண்படையும் இறுகும் கன்னமும்

புற்றுக்கு முன் வாய் சில அடையாளங்களைக் காட்டுவதுண்டு. வெண்படை அவற்றில் ஒன்று. வாயின் உட்புறம் ஏன் சிவப்பு? மெல்லிய பூச்சின் வழியே அடியிலுள்ள இரத்தக் குழாய்களின் நிறம் தெரிவதால். தொடர்ந்து உறுத்தப்படும் இடத்தில் செல்கள் உள்ளங்காலில் இருப்பது போன்ற கெரட்டினைத் தடித்த அடுக்காகச் சேர்க்கின்றன. உமிழ்நீரில் ஊறிய கெரட்டின் எல்லா நிற ஒளியையும் சிதறடிப்பதால் அடியிலுள்ள சிவப்பு மறைந்து வெண்மை தெரிகிறது. மேகம் வெண்மையாகத் தெரிவதும் இத்தகைய ஒளிச் சிதறலால்தான். வழித்தால் இந்த வெண்படை வராது, வலிக்கவும் வலிக்காது. வலிக்காததே இதன் பெரிய ஆபத்து. பெரும்பாலான வெண்படைகள் புற்றாக மாறுவதில்லை. ஆனால் எது மாறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். வெல்வெட்டுத் துணிபோல் சிவந்த திட்டு இருந்தாலோ இன்னும் எச்சரிக்கை தேவை. அங்கே பூச்சு மெலிந்து, ஒழுங்கு கெட்டுப் போயிருக்கிறது.

பாக்கு தனியே விளைவிக்கும் கேடு இன்னொன்று. அதிலுள்ள அரிக்கோலின், பூச்சுக்கு அடியிலுள்ள நார்ச் செல்களைத் தூண்டி, கொலாஜன் நார்களை மிகுதியாகச் செய்ய வைக்கிறது. பாக்கிலுள்ள தாமிரம் அந்த நார்களைக் குறுக்கே பிணைக்கும் நொதிக்குத் துணை போகிறது. ரப்பர்போல் நெகிழ வேண்டிய கன்னம் தோல்வார்போல் இறுகி விடுகிறது. காரம் பட்டால் எரிகிறது. வாயைத் திறக்க முடிவதில்லை. பாக்குப் பொட்டலங்களுக்குப் பழகிய இளைஞர்களிடம்கூட இது காணப்படுகிறது. பழக்கத்தை விட்டாலும் இறுகிய நார்கள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

வெண்படையின் கதை வேறு. பம்பாயில் அணு ஆராய்ச்சிக்குப் புகழ்பெற்ற டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பல் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று இருந்தது என்றால் நம்புவீர்களா? ஃபாலி மேத்தா, பி. சி. குப்தா முதலியோர் அங்கிருந்து, டென்மார்க்கின் பிண்ட்போர்க் என்பவரோடு சேர்ந்து, கேரளத்தின் எர்ணாகுளம், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், குஜராத்தின் பாவ்நகர் மாவட்டங்களில் 36,000க்கும் மேற்பட்ட புகையிலைப் பழக்கத்தினரை வீடுவீடாகச் சென்று கண்டு, பழக்கத்தை விடுமாறு எடுத்துச் சொல்லி, ஆண்டுதோறும் வாயைப் பரிசோதித்தனர். 1986இல் வெளியான முடிவு: பழக்கத்தை விட்டோருக்குப் புதிய வெண்படை வருவது வெகுவாகக் குறைந்தது. உறுத்தல் நின்றால் தாய்ச் செல் தன் வேகத்தைக் குறைத்துக் கொள்கிறது. பிழைதிருத்தும் புரதத்துக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. ஏற்கெனவே ஏட்டில் பதிந்துவிட்ட பிழை மட்டும் மறைவதில்லை. ஆகவே பழக்கத்தை விட்டவரும் வாயைக் கவனித்துக் கொண்டிருக்க வேண்டும்.

கவனிக்க என்ன கருவி வேண்டும்? ஒரு டார்ச் விளக்கு போதும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் 13 ஊராட்சிகளில் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று வாயைப் பார்த்தனர். அவ்வளவுதான். புகையிலை அல்லது மதுப் பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் நேரும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் முடிவு வெளியாயிற்று.

வீட்டிலேயே செய்யலாம். வாயைக் கொப்பளித்துவிட்டு, வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, இரு கன்னங்களையும் விரலால் விலக்கிப் பாருங்கள். புகையிலை ஒதுங்கும் இடத்தை முதலில் பாருங்கள். உதட்டின் உட்புறம், ஈற்றின் ஓரம், நாக்கின் இரு பக்கங்கள், நாக்கின் அடி ஆகியவற்றையும் விட வேண்டாம். பிறகு உங்கள் விரல்கள் மூன்றைச் சேர்த்து, நெடுக்காக முன்பற்களுக்கிடையே நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் கன்னம் இறுகத் தொடங்கியிருக்கலாம். வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, கட்டி, அல்லது இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு வாரம் என்ற கெடு எங்கிருந்து வந்தது என்று இப்போது வாசகர்களுக்கே விளங்கியிருக்கும். சாதாரணப் புண்ணானால், அடியிலிருந்து புறப்பட்ட புதிய செல்கள் அதற்குள் மேலே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.